கிருஷ்ணகிரி பழையபேட்டை தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கடை: தங்கை மகன் வழக்குக்காகப் போய்வந்த அனுபவம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் யாரிடம் போவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் காவேரிப்பட்டணம். கடை கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். நடத்துகிற அக்கா தன் பெயரையும் கடைப் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு காகிதத்தையும் நிதானமாகப் படிக்க முடியாதாம். அதனால் போடவில்லை. பழையபேட்டையில் பத்திரம் தட்டச்சு செய்கிற அக்கா என்று கேட்டால் காட்டுவார்கள்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொன்னால்தான் அந்த அக்கா செய்த வேலையின் மதிப்பு புரியும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை குடும்பம் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எச்-1பி என்கிற வேலை விசா, தங்கைக்கும் பையனுக்கும் அவரைச் சார்ந்த எச்-4. 2019-ல் போனார்கள். பையன் இங்கே கிருஷ்ணகிரியில் 2012 நவம்பரில் பிறந்தவன், காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டையை நனைத்தவன். இப்போது 13 வயது. அந்தப் பிள்ளை மேல் இன்று அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் நாடு கடத்தல் வழக்கு நடக்கிறது. அப்பாவுக்கு விசா இருக்கிறது, அம்மாவுக்கு இருக்கிறது, பிள்ளைக்கு மட்டும் இல்லை. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஒரு தேதியைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

அந்தத் தேதி இதுதான். நம் ஊரில் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 வருடம், பிள்ளைகளுக்கு 5 வருடம் அல்லது 18 வயது முடியும்வரை, எது முதலில் வருகிறதோ அது. பையனுக்கு 2019 ஜனவரியில் எடுத்தது, 2024 ஜனவரியில் முடிய வேண்டியது. 2022 கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்கு வந்துவிட்டு ஆகஸ்டில் திரும்பிப் போனார்கள். அங்கே விமான நிலையத்தில் உள்ளே விடும்போது ஒவ்வொருவருக்கும் ஐ-94 என்று ஒரு பதிவு போடுகிறார்கள், எந்தத் தேதி வரை நாட்டில் இருக்கலாம் என்பது அதில்தான் இருக்கும். முன்பெல்லாம் வெள்ளைச் சீட்டாகக் கையில் கொடுப்பார்களாம், 2013-லிருந்து விமானத்தில் போகிறவர்களுக்கு இணையத்தில்தான், நாமே போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும் 2025 செப்டம்பர் வரை போட்டிருந்தது. பையனுக்கு மட்டும் பாஸ்போர்ட் முடிகிற நாளோடு, 2024 ஜனவரியோடு வெட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் 2025 என்றே இருந்ததால் இவர்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள். விசாவில் இருக்கிற தேதி உள்ளே நுழையத்தான், தங்குகிற கெடு ஐ-94 தேதி. 2023 டிசம்பரில் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட்டும் வாங்கினார்கள், வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். புதுப் பாஸ்போர்ட் வந்தால் ஐ-94 தானாக நீளாது. கெடு முடிவதற்கு முன் ஐ-539 என்ற படிவம் போட்டிருக்க வேண்டும், போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

2025-ல் மாப்பிள்ளையின் கம்பெனி அவருக்கு நீட்டிப்புக் கேட்டது. அது கம்பெனி போடுகிற ஐ-129. குடும்பத்துக்கு ஐ-539 தனி. இவர்கள் சேர்த்துத்தான் போட்டார்கள். நவம்பரில் தங்கைக்கு அனுமதி வந்தது, பையனுக்கு மறுப்பு வந்தது. நீ 2024 ஜனவரியிலிருந்தே அனுமதி இல்லாமல் இருக்கிறாய், அதனால் நீட்டிக்க ஒன்றும் இல்லை என்று கடிதம். விடியற்காலை நாலரை மணிக்குத் தங்கை போன். "அண்ணா, இவன மட்டும் அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது ஐ-94 என்றால் என்னவென்றே தெரியாது. அம்மா எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்க, ஒன்றும் இல்லை, தூங்கு என்றேன். அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அங்கே ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தார்கள். அவர் சொன்னது: மறுப்பு வந்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை மனு போட வேண்டும், தபாலில் வந்த கடிதம் என்றால் 33 நாள். கெடு தப்பியது எங்கள் கையை மீறிய சூழ்நிலையால், பிள்ளை மேல் எந்தப் பிழையும் இல்லை, தயவுசெய்து பின்தேதியிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்க அங்கே சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. அப்படி இரக்கம் கேட்டுப் போகும்போது மற்ற காகிதத்தில் ஓட்டை இருக்கவே கூடாது, அம்மா அப்பா பிள்ளை உறவுக்கு ஊர் ஆவணம் எல்லாம் சுத்தமாக வேண்டும் என்றார். அதில் ஒரே ஒரு ஆறுதல், அனுமதியில்லாமல் தங்கியவர்களை மறுபடி நாட்டுக்குள் விடாமல் மூன்று வருடத் தடை, பத்து வருடத் தடை என்று போடுவார்களாம், 18 வயது ஆகும்வரை இப்படி இருக்கிற நாட்கள் அதற்குக் கணக்கில் வராது. இதைக் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது.

இனி இங்கே நடந்தது. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பையன் பெயரே இல்லை. "ஆண்" என்று மட்டும் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பதிவுக்குப் போனபோது இன்னும் பெயர் வைக்கவில்லை, அப்புறம் ஜாதகம் பார்த்து எழுத்துப் பார்த்து வைத்தோம், வைத்ததைப் போய் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. பாஸ்போர்ட் எடுத்தபோது ஆதார் போதும் என்று ஆகிவிட்டது. நம் பக்கம் எத்தனை வீட்டில் இப்படி இருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

முதலில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். எங்கே, யார் என்று எழுதப் போவதில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் கொடிகள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 18,000 ரூபாய் ஆகும், நோட்டரி, மாநில அட்டெஸ்டேஷன், டெல்லியில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு போடுகிற முத்திரை), எல்லாம் சேர்த்து என்றார்கள். 6,000 முன்பணம் கட்டினேன். ஒன்பது நாள் போனது. போன் செய்தால் ஃபைல் மூவ் ஆகிறது என்றார்கள். பெயரில்லாத சான்றிதழையே அப்போஸ்டிலுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள் என்பது பத்தாவது நாள் நேரில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பெயர் இல்லையே என்றதற்கு, "அதுக்குத் தனி சார்ஜ் சார்" என்றார்கள். காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், பணம் வரவில்லை. 30 நாளில் ஒன்பது நாள் போன கோபம் இன்னும் அடங்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் பழையபேட்டைக்குப் போனேன். அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்தவர், பல வருடம் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தவர். நான் கொண்டுபோன ஃபைலை வாங்கி ஒரு வார்த்தை பேசாமல் கால் மணி நேரம் படித்தார். அப்புறம் மூன்று கேள்வி கேட்டார். எந்த நாட்டுக்கு, எந்த ஆபீசுக்கு, எத்தனை நாள் இருக்கிறது. சொன்னேன். "அமெரிக்காவுல குடியேற்ற ஆபீசுக்கு அப்போஸ்டில் வேண்டாம் தம்பி, நோட்டரிகூட வேண்டாம். முழுசா மொழிபெயர்த்து, நான் இதுக்குத் தகுதியானவ, இது முழுமையாவும் சரியாவும் இருக்குன்னு மொழிபெயர்த்தவங்க கையெழுத்துப் போட்டா போதும். உங்க வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். கேட்டேன், அதையேதான் சொன்னார். 18,000 ரூபாய் வேலையில் பாதி தேவையே இல்லாத வேலை. இத்தாலி, ஸ்பெயின் போகிறவர்களுக்கு அப்போஸ்டில் வேண்டும், அது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்ல அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை, சொன்னார்.

அடுத்தது பெயர் ஏற்றுவது. நான் ஏற்கெனவே ஒரு நாள் வீணாகக் காவேரிப்பட்டணம் பேரூராட்சியில் போய் நின்றிருந்தேன், நம் வீடு அங்கேதானே என்று. பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு, வீடு எங்கே இருந்தாலும் சரி. பையன் பிறந்தது கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், ஆகவே கிருஷ்ணகிரி நகராட்சி. பெயரில்லாமல் பதிவான பிறப்புக்கு 15 ஆண்டுக்குள் பெயர் சேர்க்கலாம், முதல் ஒரு வருடம் கட்டணமில்லை, அதற்குமேல் தாமதக் கட்டணம். பையனுக்கு 13 ஆனதால் தப்பித்தோம். தங்கையும் மாப்பிள்ளையும் கையெழுத்திட்ட உறுதிமொழி, இருவர் பாஸ்போர்ட் நகல், பையன் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியின் சான்று, எல்லாவற்றையும் அக்கா ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். மனுவில் பெயரை எழுதும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதச் சொன்னார், முன்னெழுத்து எங்கே வருகிறது, விரித்து எழுதியிருக்கிறதா, எல்லாம். ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது லேசில்லை. நகராட்சியில் நல்லபடியாகவே முடித்துக் கொடுத்தார்கள், 19-ஆவது நாள் பெயரோடு சான்றிதழ் கையில் இருந்தது.

முன்னெழுத்து பற்றிச் சொன்னேன் அல்லவா, நம்மவர்களுக்கு வெளிநாட்டில் வருகிற பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. தங்கையின் பாஸ்போர்ட்டில் அவள் பெயரோடு எங்கள் அப்பா பெயர். பையன் பிறப்புப் பதிவில் அம்மா பெயர் என்ற இடத்தில் அவள் பெயருக்கு முன்னால் மாப்பிள்ளையின் முன்னெழுத்து. நமக்கு இது சாதாரணம், கல்யாணத்துக்கு முன் அப்பா எழுத்து, பின் கணவர் எழுத்து. அங்கே உட்கார்ந்து படிக்கிறவருக்கு இரண்டு வேறு பெண்கள். அக்கா இதை நான் சொல்லாமலே கண்டுபிடித்து, சார்பதிவாளர் அலுவலகத் திருமணச் சான்றிதழையும் சேர்க்கச் சொன்னார், இரண்டு பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தார். 2009 சட்டத்துக்குப் பிறகு நடந்த திருமணம் என்பதால் பதிவு செய்து வைத்திருந்தார்கள், நல்லவேளை.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. தங்கை 1987-ல் காவேரிப்பட்டணத்தில் பிறந்தவள். அவள் பிறப்புச் சான்றிதழில் தர்மபுரி மாவட்டம். பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது நமக்குத் தெரியும், டல்லாஸில் யாருக்குத் தெரியும்? வக்கீல் ஆபீசிலிருந்து ஏன் இரண்டு இடம் என்று கேட்டு மெயில் வந்தது. நான் அவசரத்தில், மொழிபெயர்ப்பில் கிருஷ்ணகிரி என்றே போட்டுவிடுங்களேன் என்றேன். அக்கா முகம் மாறிவிட்டது. "அது மட்டும் கூடாது தம்பி. இருக்கறத இருக்கற மாதிரிதான் எழுதணும். மூலத்துல தப்பு இருந்தா தப்போடதான் எழுதணும். விளக்கம் வேணும்னா தனித் தாள்." அப்படியே மாவட்டம் பிரிந்த விவரத்தைத் தனித் தாளில் நாலு வரி எழுதி வைத்தோம். அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பிள்ளையின் வழக்கில் நான் ஒரு பொய்த் தாளைச் செருகப் பார்த்திருக்கிறேன், அது வெளியே தெரிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு நினைத்தால் கை நடுங்கியது.

தேதி விஷயத்திலும் கவனம். சான்றிதழில் 05/11/2012 என்று இருந்தது. நமக்கு நவம்பர் 5, அமெரிக்கர்களுக்கு மே 11. அக்கா எல்லா இடத்திலும் மாதத்தை எழுத்தில் எழுதினார். இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான் ஒரு வேலைக்காரரின் தரம் தெரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். முதலில் கொடுத்த மொழிபெயர்ப்பில் பதிவாளரின் ரப்பர் ஸ்டாம்பில் இருந்த எழுத்தையும், பின்பக்கம் இருந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டார். வக்கீல் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார், தாளில் உள்ள ஒவ்வொரு எழுத்தும், முத்திரை உள்பட, மொழிபெயர்ப்பில் வர வேண்டுமாம். 22-ஆவது நாள் அது, ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வந்து கடையைத் திறந்து, "என் தப்புதான் தம்பி" என்று சொல்லி உட்கார்ந்து முழுவதும் திரும்ப அடித்தார், காசு வாங்கவில்லை. இடையில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அவர் வீட்டிலிருந்து டீ வந்தது. இனி போகிறவர்கள் முத்திரையும் பின்பக்கமும் வந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அவரே முதலில் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். கடை மெதுவாகத்தான் நடக்கும், உடனே வேண்டும் என்கிறவர்களுக்குச் சரிப்படாது. கார்டு எடுக்க மாட்டார், ஜிபே உண்டு. பழைய பத்திரம் தெலுங்கில் இருந்தால் அதையும் படிப்பார். எனக்கு ஒரு பக்கத்துக்கு 300 ரூபாய், ஆறு பக்கம், உறுதிமொழி, மனு எல்லாம் சேர்த்து மொத்தம் 2,600 ஆனது. 26-ஆவது நாள் மறுபரிசீலனை மனு டல்லாஸிலிருந்து போய்விட்டது.

ஜனவரியில் பையன் பெயரில் நோட்டீஸ் வந்தது. அங்கே 2025 பிப்ரவரியிலிருந்து, விண்ணப்பம் மறுக்கப்பட்டு அனுமதியில்லாமல் இருப்பவர்களுக்கு நீதிமன்ற நோட்டீஸ் அனுப்புவதை வழக்கமாக்கிவிட்டார்கள், பிள்ளை என்று தனியாகப் பார்க்கவில்லை. கவரில் அவன் பெயர்தான், அப்பா பெயர் இல்லை. இவனே போய் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அரசு செலவில் வக்கீல் கிடையாது, குழந்தைக்கும் கிடையாது, நம் காசில் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பிள்ளை தனியாகத்தான் நிற்கும். போகாமல் விட்டால் வராத நிலையிலேயே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் உறவில் பெரியவர் ஒருவர், பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுங்கள், காவேரிப்பட்டணத்தில் பள்ளிக்கூடம் இல்லையா என்றார். அக்கறையில் சொன்னதுதான், நானும் ஓரிரவு அப்படி நினைத்தேன். வக்கீல் அம்மா கண்டிப்பாகச் சொன்னார், வழக்கு நடக்கும்போது நீதிமன்றத்துக்குத் தெரியாமல் விமானம் ஏறினால் அடுத்த தேதியில் ஆள் இல்லை என்று உத்தரவு வரும், அப்புறம் பல வருடம் அம்மா அப்பாவைப் பார்க்கக்கூட அவனால் போக முடியாமல் ஆகலாம். கிளம்புவதாக இருந்தாலும் அனுமதி கேட்டு முறைப்படிதான் கிளம்ப வேண்டும்.

மார்ச்சில் முதல் தேதி முடிந்தது. பையன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனானாம். பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்களாம், நவம்பர் என்று வாயைத் திறந்து தெளிவாகச் சொன்னானாம். எங்கள் மொழிபெயர்ப்புத் தாள்கள் கோப்பில் ஏறிவிட்டன, எந்தத் தாளையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள். மறுபரிசீலனை மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அன்று இரவு என்னிடம் போனில், "மாமா, நான் பொறந்த ஊரு பேர அந்த அம்மாவுக்குச் சொல்லவே வரல, மூணு தடவ சொல்லிக் குடுத்தேன்" என்றான். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார், அழுதார்.

போன வாரம் உறுதிமொழிப் பத்திரத்தின் இன்னொரு பிரதி வேண்டும் என்று மறுபடி பழையபேட்டைக்குப் போனேன். ஓசூரிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள், மகள் நியூ ஜெர்சியில், திருமணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு. அக்கா தாளை வாங்குவதற்கு முன்னால், "பேரப் புள்ளையோட ஐ-94 தேதி பாத்தாச்சாம்மா?" என்று கேட்டார். அது என்னம்மா என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள், அங்கே நள்ளிரவு, அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கும் கணவருக்கும் 2027. ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு இன்னும் 41 நாள்தான் இருந்தது.